நான்காம் குழியில் நின்ற பந்து

இல்லை, எடுத்து வைக்கவில்லை. உனக்குத் தர அந்தப் பந்து என்னிடம் இல்லை. சனிக்கிழமை போனில் நீ, "எடுத்து வச்சிரும்மா, அடுத்த தடவை வர்றப்ப வாங்கிக்கிறேன்" என்றாய். நான் சரி என்றேன். உனக்கு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பின்னால் ஜெனி டப்பாவை மூடும் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் சரி என்பதைத் தவிர வேறு எதையும் சொல்ல முடியாது. இப்போது எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் "சரி விடும்மா" என்பாய், நானும் விட்டுவிடுவேன்.

ஜெனியும் இதைப் படிக்கட்டும், மருமகளுக்கும் தெரிய வேண்டியதுதான். நம் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் வெயில் என்று அவளை வெளியே விடவில்லை. அவள் அந்த மைதானத்தைப் பார்த்ததில்லை, இனிப் பார்க்கவும் முடியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கோல்ஃப் என்றால் அவளுக்கு டிவியில் வரும் பச்சைதான் நினைவுக்கு வரும். டப்ளினில் பஸ் ஜன்னலிலேயே அது தெரியும் என்று நீ சொல்லியிருக்கிறாய். இங்கே பச்சை கிடையாது. சிமென்ட் ஆலை சுண்ணாம்புக் கல் எடுத்து முடித்த நிலத்திலும், எடுக்காமல் விட்ட நிலத்திலுமாக ஒன்பது குழிகள். அரியலூரிலிருந்து செந்துறை போகிற பஸ்ஸில் வருகிறவர்கள் அதை மேய்ச்சல் நிலம் என்றுதான் நினைப்பார்கள். கரிசல் மண். கோடையில் வெடிப்புகள் கை நுழையும் அளவுக்கு விரியும். வெடிப்புக்குள் விழுந்த பந்தை அபராதம் இல்லாமல் பக்கத்தில் எடுத்து வைக்கலாம் என்று இங்கே ஒரு விதி உண்டு. இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். அதற்குள் போன பந்தைத் தேடி முழுச் சட்டையோடு திரும்பியவர் இல்லை. பந்து விழுந்த இடத்தில் சில நேரம் கல்லாகிப்போன சிப்பிகள் கிடக்கும். எப்போதோ கடலாக இருந்த இடம். நீ அவற்றைப் பொறுக்கி ஷூவுக்குள் போட்டுக்கொண்டு வருவாய். வாஷிங் மெஷினில் ஒன்று சிக்கி அது பழுதானதை ஜெனியிடம் சொல்லியிருக்க மாட்டாய்.

குழியைச் சுற்றிப் புல் நிற்காது. அதனால் மணலில் பழைய இன்ஜின் ஆயில் கலந்து, வட்டமாகப் பரப்பி இறுக்கியிருப்பார்கள். பிரவுன் என்பார்கள். நடந்தால் தடம் விழும். கடைசியாக ஆடி முடித்தவர் ஓரத்தில் கிடக்கும் பலகையை எடுத்து மணல் முழுவதும் இழுத்துவிட்டுப் போக வேண்டும். பின்னால் வருகிறவருக்குத் தடமில்லாத மணல் கிடைக்க வேண்டும். உன் அப்பா தோற்ற நாளில்கூட அந்தப் பலகையை அவசரமாக இழுத்ததில்லை.

இன்னொரு விதி சைரன் விதி. சுரங்கத்தில் வெடி வைக்கும் முன் சைரன் ஊதும். ஊதினால் பந்து எங்கே கிடக்கிறதோ அங்கேயே விட்டுவிட்டு எல்லாரும் தகரக் கொட்டகைக்குப் போய்விட வேண்டும். வெடித்து, தரை அதிர்ந்து, தூசி அடங்கி, மறு சைரன் ஊதிய பிறகு திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து ஆடலாம். அதுவரை ஒருவர் பந்தை இன்னொருவர் தொடக் கூடாது. விதியை எழுதியவர்கள் திரும்பி வராதவரைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

நான்காம் குழி. நீ அதைப் பற்றிப் பேசுவதே இல்லை, ஆனால் நாம் பேசாமல் விட்ட எல்லாமே அங்கேதான் இருக்கிறது. அடிக்க நிற்கும் இடத்துக்கும் குழியில் நட்ட கொடிக்கும் நடுவில் பழைய சுரங்கப் பள்ளம். மழை நீரும் ஊற்று நீரும் சேர்ந்து பச்சையாக நிற்கும். அந்த மைதானத்தில் இருந்த ஒரே பச்சை அதுதான். ஒரே அடியில் தண்ணீரைத் தாண்டலாம். அல்லது இடது பக்கம் கரையோரமாக இரண்டு மூன்று அடிகளில் சுற்றிப் போகலாம். நீ பத்தாவது படிக்கும்போது சுற்றிப் போகிறேன் என்றாய். உன் அப்பா விடவில்லை. "தண்ணியப் பாக்காத, கொடியப் பாரு" என்றார். நீ தண்ணீரைத்தான் பார்த்தாய். ஒவ்வொரு பந்தாகத் தண்ணீருக்குள் போனது. பை காலியாகும் வரை அவர் உன்னை அடிக்கச் சொன்னார். நீ அழுதுகொண்டே அடித்தாய் என்று அவரே பிறகு என்னிடம் சொன்னார், சிரிக்காமல். அன்று நீ தனியாக நடந்து வீட்டுக்கு வந்தாய். கையில் கொப்புளம். நான் மஞ்சள் வைத்தேன். அதன் பிறகு நீ மட்டையைத் தொடவில்லை. அவரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் வந்துவிடுவாயோ என்று பயந்தாரா, வர மாட்டாய் என்று பயந்தாரா, எனக்குத் தெரியாது. வீட்டில் எல்லாவற்றையும் பேசினோம். மின்சாரக் கட்டணம், உன் மதிப்பெண், பாடாலூரில் வாங்க இருந்த மனை. அதை மட்டும் பேசவில்லை.

ஓய்வு பெற்று, ஆலைக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, ஆலை வாசலுக்கு வெளியே இந்த வாடகை வீட்டுக்கு வந்த பிறகு உன் அப்பாவும் சுற்றித்தான் போனார். தோள்பட்டை ஒத்துழைக்கவில்லை. பாஷா அண்ணன் கிண்டல் செய்வார். அவர் மின்சாரப் பிரிவில் இருந்தவர், உன் அப்பாவின் பழைய ஜோடி, ஜெனிக்காகச் சொல்கிறேன். "என்ன சூசை, பையனத் தண்ணிக்கு மேல போகச் சொல்லிட்டு நீ கரையோரமா போற" என்பார். உன் அப்பா பையைத் தூக்கிக்கொள்வார். இடது பக்கம் நடப்பார்.

அந்த நாள் காலையில் நீ போன் செய்திருந்தாய். கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொன்னாய். வைக்கும் முன்பு, ஏதோ நினைவு வந்ததுபோல், "வந்தா ஒரு ரவுண்டு போலாம்ப்பா" என்றாய். அவர் "ம், பாக்கலாம்" என்றார். போனை வைத்துவிட்டு வெகு நேரம் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது சாம்பார் நன்றாக இருக்கிறது என்றார். அன்று சாம்பார் வைக்கவில்லை, ரசம்.

நான்காம் குழியில் அவர் இடது பக்கம் திரும்பவில்லை. பாஷா அண்ணன் சொன்னதைத்தான் எழுதுகிறேன். "என்னடா, இந்தப் பக்கம் நிக்கிற" என்று கேட்டிருக்கிறார். "சும்மா இரு. புள்ள வரான்" என்றாராம். அடித்தார். பந்து தண்ணீருக்கு மேலே போய், எதிர்க்கரையில் விழுந்து, உருண்டு பிரவுனின் விளிம்பில் நின்றது. "தாண்டிடுச்சு பாத்தியா" என்றார். அப்போது சைரன் ஊதியது. இருவரும் கொட்டகைக்குப் போனார்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், "ரெண்டுல முடிச்சிருவேன் பாரு" என்றார். வெடித்தது. தரை அதிர்ந்தது. மறு சைரன் ஊதியபோது பாஷா அண்ணன் எழுந்தார். உன் அப்பா எழவில்லை.

இதுவரை இதை உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. சொன்னால், "நான் கூப்பிட்டதால்தான் அப்பா தாண்ட முயன்றார், அதனால்தான் போனார்" என்று நீ கணக்குப் போடுவாய். போடாதே. அந்த மாரடைப்பு படுக்கையிலேயே வந்திருக்கக்கூடியதுதான் என்று டாக்டர் சொன்னார். நான் நம்புவது அதைக்கூட அல்ல. கடைசி நாளில் அவர் சந்தோஷமாக இருந்தார். அதற்குக் காரணம் நீ. இந்த இரண்டு வாக்கியங்களையும் எழுத எனக்கு இத்தனை மாதங்கள் ஆகியிருக்கின்றன.

வரதராசன்பேட்டையில் மண் போட்டுவிட்டு வந்த அன்று மாலை, பாஷா அண்ணன் உன்னை நான்காம் குழிக்கு அழைத்துப் போனார். பந்து அங்கேயே இருந்தது. எடுக்கவா என்று யாரோ கேட்டார்கள். நீ சொன்னாய், "தொடாதீங்க. நான் வந்து முடிக்கிறேன்." அப்போதே அடித்திருக்கலாம். ஆனால் அன்று உன்னால் குனியக்கூட முடியவில்லை. எனக்குப் புரிந்தது. எல்லாருக்கும் புரிந்தது. சைரன் விதிப்படி ஆட்டம் நிற்கிறது, முடியவில்லை என்று மைதானக் கமிட்டியில் பேசி வைத்துக்கொண்டார்கள். பந்தைச் சுற்றிச் சுண்ணாம்பில் ஒரு வட்டம் போட்டார்கள். மற்றவர்கள் அதை விலக்கி ஆடினார்கள்.

நீ கிறிஸ்துமஸுக்கு வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றாய். ஈஸ்டர் என்றாய். ஈஸ்டரும் போனது. குறை சொல்லவில்லை. ஆனால் இங்கே என்ன நடந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பந்து, சுற்றிலும் வட்டம், யாரும் தொடக் கூடாது. இதைப் பார்த்தால் நம் ஊர் ஆட்கள் என்ன செய்வார்கள்? ஒரு நாள் வட்டத்துக்குள் சாமந்திப்பூ இருந்தது. இன்னொரு நாள் எலுமிச்சம்பழம். ஒப்பந்த வேலைக்கு வருகிற பையன்கள் பந்துச்சாமி என்று பேர் வைத்துவிட்டார்கள். "பந்துச்சாமிகிட்ட வேண்டிக்கிட்டேன், பர்மனென்ட் ஆயிடுவேன்" என்று ஒருவன் சொல்ல, "மொதல்ல உன் பல்சர் வண்டி கிக்கர் வேல செய்யணும்னு வேண்டிக்க" என்று மற்றவன் சொன்னதை நானே கேட்டேன். உன் அப்பா கேட்டிருந்தால் ரசித்திருப்பார். நான் அன்று ரசிக்கவில்லை.

நான் தினமும் மாலையில் போவேன். கல்லறைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். இதற்கு நடந்தே போய்விடலாம். வட்டத்துக்கு வெளியே உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததைச் சொல்வேன். கேஸ் வரவில்லை என்று. நீ போன் செய்தாய் என்று. நீ போன் செய்யவில்லை என்று. பள்ளியில் வருடக்கணக்காக ஆங்கிலம் நடத்தியவள் ஒரு பந்தோடு பேசிக்கொண்டிருந்தாள். மைதானத்தில் முள் வெட்டுகிற, பிரவுனுக்கு மணல் போடுகிற செல்வி தூரத்தில் வேலை செய்வதுபோல் நிற்பாள். இருட்டும்போது, "கெளம்புங்கம்மா, பூச்சி பொட்டு இருக்கும்" என்பாள். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

போன வாரம் சுற்றறிக்கை வந்தது. சுரங்கம் இந்தப் பக்கம் நகர்கிறது. திங்கட்கிழமை முதல் மூன்றாம் குழிக்கு அப்பால் யாரும் போகக் கூடாது. கல் இருக்கும் இடத்துக்கு ஆலை வரத்தான் செய்யும். நாம் சாப்பிட்டதும் நீ படித்ததும் அந்தக் கல்தான். உனக்குச் சொன்னேன். நீ பார்க்கிறேன் என்றாய். வெள்ளிக்கிழமை கேட்டேன். சனிக்கிழமை எடுத்து வைக்கச் சொன்னாய்.

எடுத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. எடுத்தால் ஆட்டம் முடியாமலே போகும். அவர் இரண்டில் முடிப்பேன் என்று சொல்லியிருந்தார். நேற்று ஞாயிறு. பூசை முடிந்து வந்து, அலமாரி மேலிருந்த பையை இறக்கி, அவருடைய பட்டரை எடுத்தேன். பந்தை மணலில் உருட்டும் அந்தக் குட்டை மட்டை. வீட்டுக் கூடத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துத் தட்டிப் பார்த்தேன். சோபாவுக்கு அடியில் போய்விட்டது. பாஷா அண்ணனுக்கு போன் செய்தேன். ஸ்கூட்டரில் வந்தார். "தம்பி வரலயா" என்றார். "வரல" என்றேன். "சரி வாங்க தங்கச்சி. வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிருவோம்."

செல்வி அங்கே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வேலை இல்லை. என் கையில் மட்டையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. நான் வட்டத்துக்குள் கால் வைத்தேன். அடிக்கும் முன்பு பந்து தன்னுடையதுதானா என்று பார்த்து உறுதி செய்ய வேண்டும். இதுவும் உன் அப்பா சொல்லி எனக்குத் தெரியும். குனிந்து, சிமென்ட் தூசியைத் துடைத்துத் திருப்பினேன். அவர் எப்போதும் நீல மையில் ஒரு புள்ளி வைப்பார். இதில் புள்ளி இருந்தது. சிவப்பு. பளபளப்பான சிவப்பு.

"அண்ணே, இது அவர் பந்து இல்லையே."

பாஷா அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். செல்விதான் பேசினாள்.

"ஐப்பசி மழையில அடிச்சிட்டுப் போயிடுச்சுங்கம்மா. காலையில வந்து பாத்தா வட்டமே இல்ல. தண்ணி வந்த தாரைதான் இருக்கு, நேராப் பள்ளத்துக்குள்ள எறங்கியிருக்கு. நீங்க சாயங்காலம் வருவீங்க. வந்து பாத்தா என்ன சொல்றது? வேற ஒரு பந்த வெச்சி வட்டம் போட்டுட்டேன்."

"புள்ளி?"

"தம்பி வந்தா திருப்பிப் பாக்குமில்லீங்களா. சாருகிட்ட என்ன கலருன்னு கேட்டேன். செவப்புன்னாரு. எங்க பொண்ணு நகப்பாலிசு இருந்துது வூட்டுல."

"செவப்பு என் பந்துக்கு" என்றார் பாஷா அண்ணன், தரையைப் பார்த்தபடி. "அன்னிக்கு எனக்கு மூளை ஓடல தங்கச்சி. என்னோட கலரச் சொல்லிட்டேன்."

அவர் தாண்டிய தண்ணீருக்குள்ளேயே அவர் பந்து போயிருக்கிறது. மழைக்காலத்திலிருந்து நான் பேசியதெல்லாம் செல்வியின் பந்தோடு. கோபம் வந்தது. உடனே போகவும் இல்லை. அந்த மணலில் நின்று, இவர்கள் இருவரும் என்னைப் பார்த்து எத்தனை மாலைகள் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்தேன். பிறகு, என்னைத் தனியாக விடாமல் செல்வி எத்தனை மாலைகள் அங்கேயே நின்றிருக்கிறாள் என்றும் நினைத்தேன். இரண்டும் ஒரே மாலைகள்தான்.

"இப்ப என்னம்மா பண்றது" என்றாள் செல்வி.

"அடிக்கிறதுதான்" என்றேன்.

உன் இடத்தில் நின்று அடித்தேன். அதைச் சொல்லிவிட வேண்டும். முதல் அடியில் பந்து குழியைத் தாண்டிப் போய்விட்டது. இரண்டாவது வந்து சேரவில்லை. மூன்றாவது அடியில் உள்ளே விழுந்தது. குழிக்குள் பந்து விழும் சத்தம் சின்னதாக இருந்தது. இத்தனை நாள் காத்திருந்தது இதற்கா என்று தோன்றும் அளவுக்குச் சின்னது.

"அவன் அடிச்ச ஒண்ணோட சேத்து நாலு" என்றார் பாஷா அண்ணன். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ரெண்டுல முடிப்பேன்னான். அவனும் நாலுதான் போட்டிருப்பான் தங்கச்சி. அவன் பட்டிங் எனக்குத் தெரியாதா" என்றார். செல்வி சேலைத் தலைப்பால் வாயை மூடிச் சிரித்தாள், பிறகு அழுதாள். நானும் அதே வரிசையில்.

உனக்கு அறிவுரை சொல்லும் வயது எனக்கு வந்துவிட்டதாகத் தெரியவில்லை. கேட்கும் வயதை நீ கடந்துவிட்டாய். ஒன்று மட்டும். ஜெனி எதையாவது கேட்டால், முடியாதென்றால் முடியாது என்று அப்போதே சொல்லிவிடு. அப்புறம் என்று சொல்லாதே. நீ சொன்ன ஒரு அப்புறத்தை ஒரு மைதானமே சுண்ணாம்பு வட்டம் போட்டுக் காத்தது. மழை வந்து கொண்டுபோன பிறகும் நகப்பாலிஷ் வைத்துக் காத்தது. நம்மை அப்படிக் காக்கிறவர்களுக்கு நாம் திருப்பித் தர எதுவும் இருக்காது. உனக்கு ஒரு குழந்தை பிறந்து, அது சுற்றிப் போகிறேன் என்று சொன்னால், விடு. கரையோரப் பாதையும் மைதானத்துக்குள்தான் இருந்தது. உன் அப்பாவுக்கு அது தெரிய வயதாக வேண்டியிருந்தது. தெரிந்த பிறகும் உன்னிடம் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் தண்ணீர் மேலேயே அடித்தார், உனக்குக் காட்ட. அதை அவர் உன்னிடம் கேட்ட மன்னிப்பு என்று எடுத்துக்கொள். அவரிடம் வேறு மொழி இல்லை.

ஆட்டம் முடிந்துவிட்டது. நீ வந்து முடிக்க எதுவும் பாக்கி இல்லை. இனி வந்தால் சும்மா வா.

பந்தைக் குழியிலிருந்து எடுத்துச் செல்வியிடம் கொடுத்தேன். அவள் வேண்டாம் என்றாள், பிறகு தலைப்பில் முடிந்துகொண்டாள். பாஷா அண்ணன் கொடியைப் பிடுங்கித் தோளில் வைத்தார். கிளம்பலாம் என்றார். மணலில் எங்கள் மூன்று பேர் தடமும் இருந்தது. விடிந்தால் திங்கட்கிழமை, பின்னால் வர யாரும் இல்லை. நான் ஓரத்தில் கிடந்த பலகையை எடுத்தேன். விளிம்பிலிருந்து தொடங்கி, சுற்றிச் சுற்றி, தடம் எதுவும் தெரியாத வரை இழுத்தேன். பலகையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து, சோறு வடித்தேன்.